பூஜ்யம் புள்ளி எட்டு

ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை
அப்பாவுக்கு. காலை ஐந்தரை, மாலை நாலரை.
அவர் பல் பழுப்பு.
செக்கானூரணி சந்தையில் வெல்லம் விற்கிறவர்கூடக் கேட்பார்:
"ஏன் ஒச்சப்பா, ஊருத் தண்ணியை
ஒத்தையா நீயே குடிச்சியா?"
அப்பாவும் சிரிப்பார். மேலுதடு மட்டும்
ஷட்டர் மாதிரி இறங்கிக்கொள்ளும்.

திங்கள்கிழமை மனு நாளுக்குப்
பதினோரு முறை போனார் கலெக்டர் ஆபீசுக்கு.
என்னையும் தங்கச்சிகளையும் வரிசையில் நிறுத்தி
"ஈ காட்டுங்க" என்பார்.
மூன்று பேருக்கும்
மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பல்.
தம்பியைக் கூட்டிப்போக மாட்டார்.
அவன் பல் வெள்ளை.
வழக்கைக் கெடுத்துவிடும்.

சோதனை முடிவு ஒருநாள் தபாலில் வந்தது.
ஃப்ளோரைடு, லிட்டருக்கு
பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிகிராம்.
அளவுக்குள்.
"காசு வாங்கிட்டான்" என்றார் அப்பா.
மறுநாளிலிருந்து எங்களுக்குக் கேன் தண்ணீர்.
அந்தச் சம்பளத்தில், கேன் தண்ணீர்.
அவர் மட்டும்
தொட்டித் தண்ணீரையே குடித்தார்,
அபராதம் கட்டுகிறவர் மாதிரி.

எனக்குக் கப்பலூர் டோல்கேட்டில் வேலை, மூன்றாவது லேன்.
கொரோனா இரண்டு வருடமும்
நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.
முகக்கவசம்.

இன்றைக்கு விடுப்பு.
மதுரையில் பல் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி.
டாக்டர் ஜெபசெல்வி படிக்கிற பிள்ளைதான் இன்னும்.
தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டார்.
அப்பாவின் சதுரத்தில் மை நிரப்பினார்.
எங்கள் மூன்று வட்டத்திலும் மை.
தம்பியின் சதுரம் வெறும் தாள்.

"பையனுக்கு உங்கப்பா ஒய் கொடுத்தார்.
பொண்ணுங்களுக்கு எக்ஸ்.
எனாமலைக் கட்டுற புரதம் எப்படி இருக்கணும்னு
அந்த எக்ஸ்லதான் எழுதியிருக்கு.
அதுல ஒரு எழுத்து பிசகிருச்சு."

பெண்ணுக்கு இரண்டு எக்ஸாம்.
கருவிலேயே ஒவ்வொரு செல்லும்
ஒன்றை அணைத்துவிடுமாம்.
எதை, ஏன் என்று கேட்கக்கூடாதாம்.
நல்லதை வைத்துக்கொண்டவை கட்டின ஒரு பத்தி வெள்ளை.
மற்றதை வைத்துக்கொண்டவை
ஒட்டினாற்போல ஒரு பத்தி பள்ளம்.

"திறந்த லேன், மூடின லேன்" என்றேன்.
அப்போதுதான் அவர் தாளை விட்டு
என் முகத்தைப் பார்த்தார்.

முகிலனுக்கு ஆறு வயது. ஒரே லேன்.
எக்ஸ்ரேயில்
ஈறுக்குள் காத்திருக்கின்றன அவன் முன்பற்கள்.
வெள்ளைத் தொப்பி தெரிய வேண்டிய இடத்தில்
சாம்பல்மேல் சாம்பல்.
விழுந்து முளைத்தால் சரியாகும் என்று
எத்தனை பேர் சொன்னார்கள்.
எலும்பு முறிந்தால் ஒட்டும். தோல் கிழிந்தால் மூடும்.
இதைக் கட்டுகிற செல்கள் மட்டும்
பல் வெளியே வருவதற்குள் செத்துப்போகின்றன.
பூச்சு உதிர்ந்தால் கூப்பிட
கொத்தனார் இல்லை.

"அப்ப தண்ணி?"

"தண்ணி நல்ல தண்ணிதாங்க்கா."

அப்பா போய் நாலு வருஷமாகிறது.
கடைசிவரை கலெக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்.
இந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய்
எந்த மனுப்பெட்டியில் போட?
போடாமலிருப்பதே நல்லதோ என்னவோ.
அவரிடம் இருந்தது ஒரே ஒரு எக்ஸ்.
இருந்ததைத்தான் கொடுத்தார்.

என்னிடம் இரண்டு இருந்தன.
ஃபாஸ்டாக் வேலை செய்யாத வண்டிக்கு
ராத்திரி இரண்டு மணிக்குச் சில்லறை நீட்டுவதுபோல
பார்க்காமலே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கடைவாய்ப் பற்களுக்கு எஃகு மூடி போட்டார்கள்.
உசிலம்பட்டி பஸ்ஸில்
முகிலன் கண்டக்டருக்கு வாயைத் திறந்து காட்டினான்.
"நாலு" என்றான்.
கண்டக்டர் குனிந்து எண்ணிப் பார்த்து
"நாலேதான்" என்றார்.

ஊரில் இறங்கியதும்
தொட்டிக் குழாயில் கை குவித்துக் குடித்தேன்.
லேசாக உப்பு. அவ்வளவுதான்.
பின்னால் குடத்தோடு நாலைந்து பேர்.
வாயைத் துடைத்துத் திரும்பி,
என்னவோ கேட்ட பவுனுத்தாயிக்கு
வாய்விட்டுச் சிரித்துப் பதில் சொன்னேன்.

கூசியது,
பல் மட்டும்.